நான் வாங்காத கடன் என் பெயரில் இருக்கிறது, கட்டிவிடலாமா?

கேள்வி: வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தேன். ஒரு ஆப் மூலம் நான் ₹48,000 தனிநபர் கடன் வாங்கியதாகவும் நான்கு தவணை பாக்கி என்றும் வங்கியில் சொல்கிறார்கள். அப்படி எதுவும் நான் வாங்கவில்லை. ஆதார், பான் ஜெராக்ஸை சிம் கடை, லாட்ஜ், வாடகை வீடு என்று பல இடங்களில் கொடுத்திருக்கிறேன். வீட்டுக் கடன் தள்ளிப்போகாமல் இருக்க, பேசாமல் இதைக் கட்டிவிடலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: கட்டாதீர்கள். ஒரு தவணை கட்டினாலும், கடன் உங்களுடையதுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதாடும். 'பாதி கொடுங்க சார், செட்டில் பண்ணிடலாம்' என்று வசூல் ஆள் போனில் சொல்வார். அப்படி முடித்தால் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் பேசி முடித்த கடன், என்று ஏறும். வீட்டுக் கடன் தரும் வங்கிக்கு அதுவும் உறுத்தும்.

இந்த அறிக்கையைத் தரும் நிறுவனங்களான சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கிலும் அறிக்கை எடுங்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை ஒவ்வொன்றிலும் இலவசம். ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டாம். தொடர்பு விவரத்தில் உங்களுக்குத் தெரியாத மொபைல் எண்ணோ முகவரியோ இருந்தால் அது நல்ல தடயம். 'என்கொயரி' பட்டியலில் உங்கள் பெயரில் எங்கெல்லாம் கடன் கேட்கப்பட்டது என்று தேதியோடு இருக்கும். ஓரிடத்தில் வாங்கியவன் வேறு இடங்களிலும் முயன்றிருக்கலாம்.

ஆப் வெறும் முகப்பு. கடன் கொடுத்தது பின்னால் இருக்கும் வங்கியோ என்பிஎஃப்சியோ (வங்கியல்லாத நிதி நிறுவனம்) தான். அந்தப் பெயரை அறிக்கையில் பார்த்து, அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 'கடன் என்னுடையதல்ல' என்பதோடு நிறுத்தாமல், விண்ணப்ப நகல், கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்கள், செல்ஃபி, ஓடிபி போன எண், பணம் வரவு வைக்கப்பட்ட கணக்கு எண் எல்லாவற்றையும் கேளுங்கள். இதில் முக்கியமானது கடைசியில் சொன்ன கணக்கு எண். பணம் போன கணக்கு உங்களுடையதல்ல என்றால், உங்கள் பக்கம் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்த மாதத்துக்கான உங்கள் வங்கி ஸ்டேட்மெண்டையும் இணையுங்கள்.

அதே நாளில் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகாரைப் பதியுங்கள். 1930 என்ற எண்ணிலும் சொல்லலாம். பிறர் அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

இந்தக் காகிதங்களோடு, கடன் காட்டும் ஒவ்வொரு அறிக்கை நிறுவனத்திலும் 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்று டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) போடுங்கள். கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் அவர்கள் தாங்களாக எதையும் நீக்க மாட்டார்கள். அதனால்தான் முதல் மின்னஞ்சல் முக்கியம். டிஸ்ப்யூட்டை 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன் பிறகு தாமதத்துக்குக் காரணமான நிறுவனம் உங்களுக்கு நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் நிறுவனம் 30 நாள் வாய் திறக்காவிட்டாலோ மழுப்பினாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனில் போகலாம், கட்டணம் இல்லை. வீட்டுக் கடன் மேலாளரிடம் புகார் நகலைக் கொடுத்து, விண்ணப்பத்தை நிராகரிக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லிப் பாருங்கள்.

இனி ஜெராக்ஸ் விஷயம். நகலின் மேல் 'இன்ன காரியத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுவது திருட்டைத் தடுக்காது, எங்கிருந்து கசிந்தது என்று காட்டிக் கொடுக்கும், அவ்வளவே. அதைவிட, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை யுஐடிஏஐ (ஆதார் ஆணையம்) தளத்தில் இறக்கிக் கொடுங்கள். அதே தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைத்தால் கைரேகையை வைத்துப் பணம் எடுக்க முடியாது. தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். பலரும் கவனிக்காத இடம் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்: பிரிண்டுக்காக வாட்ஸ்அப்பில் அனுப்பிய பான் படம் அங்கே டவுன்லோட்ஸில் அப்படியே கிடக்கும். கடைக்காரர் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் 'என்னுடையதல்ல' என்று அங்கேயே குறித்துவிடுங்கள்.