அம்மாவ எந்த ஹாஸ்பிஸ்ல சேர்க்கறது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அம்மாவுக்கு 64 வயசு. மார்பக கேன்சர், எலும்பு வரைக்கும் பரவிடுச்சு. இனி கீமோ வேணாம், வீட்டுக்கு கூட்டிட்டு போங்கன்னு ஆஸ்பத்திரில கைய விரிச்சுட்டாங்க. ராத்திரி பூரா இடுப்பு வலில முனகிட்டே இருக்காங்க. நானும் வொய்ஃபும் வேலைக்கு போறவங்க. ரெண்டு ஹாஸ்பிஸ் (குணமாக்க முடியாத நோயாளிகள வலியில்லாம பாத்துக்கற இடம்) விசாரிச்சேன். ஒரு இடத்துல ஏசி ரூம், மாசம் 45 ஆயிரம், அட்வான்ஸ் தனியாங்கறாங்க. இன்னொரு இடம் இலவசம். துபாய்ல இருக்கற அக்கா "ஐசியுல சேரு, பணம் நான் அனுப்பறேன்"ங்கறா. மாமாவோ "பெத்தவள கொண்டு போய் தள்ளிட்டான்னு ஊரு பேசும்"ங்கறாரு. எதை வெச்சு முடிவு பண்றதுன்னே தெரியல சிஸ்டர். - பேர் வேண்டாம், ஆவடி

பதில்: தம்பி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். அக்கா பேசறாங்க, மாமா பேசறாரு, ஊரு பேசுது, அம்மா மட்டும் ஒரு வார்த்த பேசல. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்கறீங்களா? கேன்சர் வார்டுலயும் ஹோம் கேர்லயும் இத்தன வருஷம் நர்ஸா இருந்ததுல நான் பாத்தது, முக்கால்வாசி பேருக்கு தெரியும், நீங்க அழுவீங்களேன்னு தெரியாத மாதிரி படுத்திருப்பாங்க. இன்னைக்கு ராத்திரி பக்கத்துல உக்காந்து "அம்மா, வலிக்கு நல்லா பாக்கற இடம் ஒண்ணு இருக்காம், போலாமா, இல்ல வீட்லயே நர்ஸ் வந்து பாத்தா போதுமா"ன்னு கேளுங்க. அதுக்கு அவங்க சொல்ற பதில்ல பாதி முடிவு வந்துரும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க, இடம் தேடி முடிக்கற வரைக்கும் வலி காத்திருக்காது. அம்மாவுக்கு கேன்சர் பாத்த ஆஸ்பத்திரிலயே பாலியேட்டிவ் ஓபி (வலியையும் அவஸ்தையையும் குறைக்கறதுக்குன்னே இருக்கற வெளிநோயாளி பிரிவு) இருக்கான்னு நாளைக்கே போய் கேளுங்க. அரசு பக்கமும் வழி இருக்கு, 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிபி, சுகர் மாத்திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்கள வீட்டுக்கே வந்து பாக்கற ஆதரவு சிகிச்சையும் அதுலயே இருக்கு. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர் குடுங்க, இல்லன்னா 104க்கு போன் பண்ணி கேளுங்க. கேரளா அளவுக்கு நாம இன்னும் வரல, அது வேற விஷயம். அங்க பாலியேட்டிவ் கேர் 1993ல கோழிக்கோட்ல ஆரம்பிச்சு இப்ப ஊருக்கு ஊர் பக்கத்து வீட்டுக்காரங்களே வாலன்டியரா வந்து நிக்கறாங்க, எனக்கு அதுல கொஞ்சம் பொறாமையே உண்டு.

இப்ப அந்த ரெண்டு இடத்துக்கு வருவோம். போன்ல விசாரிக்காதீங்க, சொல்லாம கொள்ளாம சாயங்காலம் 6 மணிக்கு மேல நேர்ல போங்க, காலைல எல்லா இடமும் பளபளன்னுதான் இருக்கும். ஒரு தடவ தெரிஞ்சவங்களுக்காக நான் ஒரு இடம் பாக்க போனேன், பேர் வேணாம், வாசல்ல பிள்ளையார், ரிசப்ஷன்ல மீன் தொட்டி, மேனேஜர் கூடவே வந்து ஏசி, டிவி எல்லாம் காட்டினாரு. கடைசி ரூம்ல ஒரு பாட்டி, உதடு வெடிச்சு ரத்தம் காஞ்சு போய் கிடந்தாங்க. தண்ணி பாட்டில் எங்க இருந்துச்சு தெரியுமா, ஜன்னல் திண்டுல, கைக்கு எட்டாத தூரத்துல. மேனேஜர் அதுக்குள்ள வைஃபை பத்தி சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. அதனால நீங்க போனா ஏசிய பாக்காதீங்க, அங்க படுத்திருக்கறவங்க உதட்ட பாருங்க, குதிகால பாருங்க, காலிங் பெல் கைக்கு எட்டுதான்னு பாருங்க. உதடு ஈரமா இருந்தா அங்க யாரோ மணிக்கு ஒரு தடவ பஞ்சுல தண்ணி நனைச்சு தொட்டு விடறாங்கன்னு அர்த்தம், குதிகால் புண்ணு இல்லன்னா ரெண்டு மணிக்கு ஒரு தடவ புரட்டி போடறாங்கன்னு அர்த்தம். மூக்கும் வேலை செய்யட்டும். கேன்சர் புண்ணு நாறத்தான் செய்யும், ஆனா மெட்ரோனிடசோல் மாத்திரைய பொடி பண்ணி புண்ணு மேல தூவற வழக்கம் தெரிஞ்ச இடத்துல நாத்தம் நல்லாவே குறைஞ்சிருக்கும், தெரியாத இடத்துல ரூம் ஸ்ப்ரே வாசனைதான் வரும்.

அப்புறம் மூணே கேள்வி கேளுங்க. மார்ஃபின் மாத்திரை (கடுமையான வலிக்கு குடுக்கறது, போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வர்ற மருந்து) இங்க ஸ்டாக் இருக்கா? 2014ல போதைப்பொருள் சட்டத்த திருத்தினதுக்கு அப்புறம் அங்கீகாரம் வாங்கின இடம் முன்ன மாதிரி பல லைசன்ஸுக்கு அலைய வேண்டியதில்ல, அதனால "கிடைக்கறதில்ல மேடம்"ங்கறது சாக்கு, பாராசிட்டமால வெச்சுட்டு எலும்பு வலிய யாராலயும் அடக்க முடியாது. ரெண்டாவது, ராத்திரி 2 மணிக்கு வலி வந்தா யார் வருவாங்க? டாக்டர் தினமும் வர்றாரா, டூட்டி நர்ஸுக்கு டோஸ் ஏத்த எழுதி வெச்ச ஆர்டர் இருக்கா, இல்ல காலைல டாக்டர் வரட்டும்னு சொல்லுவாங்களா? மூணாவதுதான் முக்கியம், அம்மாவுக்கு மூச்சு திணறினா என்ன பண்ணுவீங்க? "உடனே 108 கூப்ட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம் சார்"னு பெருமையா சொன்னாங்கன்னா நன்றி சொல்லிட்டு வெளிய வந்துருங்க. அது முதியோர் இல்லம், போர்டுல மட்டும்தான் ஹாஸ்பிஸ். அந்த நேரத்த அங்கயே, வலியில்லாம, நீங்க கைய புடிச்சுட்டு இருக்க பாத்துக்கறதுக்குதானே காசு குடுக்கறோம். காசுன்னதும் ஞாபகம் வருது, டயப்பர், ஆக்ஸிஜன், டிரெஸ்ஸிங் தனி பில்லா, மூணே நாள்ல ஏதாச்சும் ஆயிட்டா அட்வான்ஸ் திரும்ப வருமான்னு எழுதி வாங்கிக்கங்க. கேக்க நாக்கு கூசும், கேளுங்க.

இலவசம்னா மட்டம்னு நினைச்சுராதீங்க. சென்னைலயே மணலி கிட்ட மாத்தூர்ல ஜீவோதயா இருக்கு, கேன்சர் நோயாளிகளுக்குன்னே நடத்தற ஹாஸ்பிஸ், காசு வாங்கறதில்ல. பெட் இருக்கான்னு மட்டும் முன்னாடியே போன்ல கேட்டுட்டு ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டு போங்க. அங்கயும் அதே கண்ணோட பாருங்க, நான் சொன்னேன்னு விட்ராதீங்க. ஹாஸ்பிஸ்ல சேத்தா திரும்ப வரவே மாட்டாங்கன்னும் இல்ல, வலிய கன்ட்ரோல் பண்ணிட்டு பத்து நாள்ல வீட்டுக்கு வந்தவங்கள நான் நிறைய பாத்திருக்கேன்.

அக்காவ திட்டாதீங்க. தூரத்துல இருக்கறவங்களுக்கு பணம் அனுப்பறத தவிர வேற என்ன வழி இருக்கு, அந்த குற்ற உணர்ச்சிதான் ஐசியுன்னு பேசுது. டாக்டர் கூட ஒரு வீடியோ கால் போட்டு ஐசியுல டியூப் போட்டா என்ன கிடைக்கும், என்ன கிடைக்காதுன்னு அவர் வாயாலயே கேக்க வைங்க, அந்த 45 ஆயிரத்துக்கு டிக்கெட் போட்டு வந்து அம்மா பக்கத்துல பத்து நாள் படுத்துக்க சொல்லுங்க. மாமாவ ராத்திரி ஷிப்டுக்கு கூப்புடுங்க. வந்தா நல்லது, வரலன்னா அப்புறம் பேச மாட்டாரு.

கேள்வி: அப்பாவுக்கு மார்ஃபின் எழுதி குடுத்திருக்காங்க. அடிக்ட் ஆயிருவாரோ, சீக்கிரம் போயிருவாரோன்னு பயமா இருக்கு, அதனால ரொம்ப வலிச்சா மட்டும் குடுக்கறேன். சரிதானே? - ஒரு மகள், திருநெல்வேலி

பதில்: இல்லம்மா. வலி வந்தப்புறம் அத துரத்தறது ரொம்ப கஷ்டம். சாதா மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரம்தான் தாங்கும், அதனால டாக்டர் எழுதின நேரத்துக்கு, வலி இருந்தாலும் இல்லாட்டியும் குடுக்கணும். இந்த முறைய உலகத்துக்கு புரிய வெச்சவங்க சிசிலி சாண்டர்ஸ், 1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ தொடங்கினவங்க, டாக்டர் ஆகறதுக்கு முன்னாடி அவங்க நர்ஸ் (எங்க ஆளுங்கறதால ஒரு பெருமை). டாக்டர் சொன்ன அளவுல வலிக்கு குடுக்கறப்ப அடிக்ட் ஆயிருவாருன்னு பயப்பட வேணாம், ஆயுசையும் அது குறைக்காது. முத ரெண்டு மூணு நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், தானா சரியாகும். சரியாகாதது மலச்சிக்கல். மலமிளக்கி மாத்திரை எழுதி குடுத்திருந்தா முத நாள்லருந்தே குடுங்க, எழுதலன்னா கேட்டு வாங்குங்க. கிட்னி பிரச்சனை இருந்தா டாக்டர் கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. மாத்திரைய பூட்டி வைங்க, மிச்சமானா வாங்கின இடத்துலயே திருப்பி குடுத்துருங்க.

கேள்வி: தாத்தாவ வீட்லயே வெச்சிருக்கோம். வீட்ல உயிர் போனா போலீஸ் பிரச்சனை வருமா? - மணப்பாறை வாசகர்

பதில்: நோயால இயற்கையா போறதுக்கு போலீஸ் எதுக்கு. தொடர்ந்து பாத்த டாக்டர் இறப்புக்கான காரணத்த எழுதி குடுப்பாரு, வீட்ல இறந்தவங்களுக்குன்னு படிவம் 4ஏ இருக்கு. ஹோம் கேர் டீம சேர்க்கும்போதே "ராத்திரில ஆனா வந்து எழுதி குடுப்பீங்களா"ன்னு கேட்டு வைங்க, நிறைய குடும்பம் விடியகாலைல தெரியாத கிளினிக் வாசல்ல நிக்கறது இத கேக்காததாலதான். இறப்ப 21 நாளுக்குள்ள பதிவு பண்ணிருங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி மருந்து சீட்டு, ஆதார் ஜெராக்ஸ் மூணையும் ஒரே கவர்ல போட்டு ஃபிரிட்ஜ் மேல வைங்க, பீரோல வேணாம், அந்த நேரத்துல சாவி யார்கிட்ட இருக்குன்னு தேடிட்டு இருப்பீங்க.