யார் கை முழம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு நாலரை வயது. பிள்ளைகளின் கேள்வியைப் பிடித்துக்கொண்டே சொல்லித்தரும் பள்ளி என்று கேள்விப்பட்டு, போன வருடம் ஒன்றில் சேர்த்தோம். இன்னும் அ, ஆ கூட ஒழுங்காக எழுத வரவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை நூறு வரை எழுதுகிறது. இவன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாளித் தண்ணீரில் கல்லையும் கொட்டாங்கச்சியையும் போடுவதும் எடுப்பதுமாக இருந்தான். பொறுத்துப் பார்த்து, கடைசியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு நோட்டோடு உட்கார வைத்தேன். இதெல்லாம் வெளிநாட்டு முறை, நமக்கு ஒத்துவராது என்கிறார் மாமனார். ஃபீஸும் அதிகம். பிள்ளையை அவன் போக்கில் விடுவது சரியா? பள்ளியை மாற்றிவிடலாமா?

ச., ஈரோடு

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த வாளியில்தான் வந்து நின்றேன். அந்தத் தண்ணீரை நீங்கள் கொட்டியிருக்கக் கூடாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாலரை வயதில் அ எழுத வரவில்லை என்று கவலைப்படாதீர்கள். விரலுக்கு வலு வரட்டும், எழுதுவான். எதிர்வீட்டுக் குழந்தையை அதன் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பிள்ளை தானே செய்து பழகும் முறையைக் கொண்டுவந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததையும், போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளோடு வேலை செய்ததையும் மாமனாரிடம் சொல்லுங்கள். குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்ற கல்வியாளர் 1920இலேயே பாவ்நகரில் பாலமந்திர் என்ற மழலையர் பள்ளியைத் தொடங்கிவிட்டார். நமக்கு ஒத்துவருமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. ஃபீஸ் உங்கள் வீட்டுக் கணக்கு, அதில் நான் தலையிட மாட்டேன்.

‘அவன் போக்கில் விடுவது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். யார் சொன்னார்கள் விடச் சொல்லி?

இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா என்று ஒரு ஊர், பிள்ளைகளின் கேள்வியைப் பிடித்துப் போகும் பள்ளிகளுக்குப் பேர்போனது. 1945இல் போர் ஓய்ந்த கையோடு, அதன் பக்கத்தில் வில்லா செல்லா என்ற சிற்றூரின் மக்கள், ஜெர்மன் படை விட்டுப்போன ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்று, இடிந்த வீடுகளின் செங்கல்லைப் பொறுக்கி வந்து குழந்தைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். சேதி கேட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு பார்க்கப் போனவர் லோரிஸ் மலகுஸ்ஸி என்ற இளம் ஆசிரியர். 1994இல் சாகும் வரை அவருக்கு அதுவே வேலையாகிவிட்டது. 1963இல் ரெஜ்ஜோ எமிலியா நகராட்சி தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது.

அந்த ஊரின் டயானா பள்ளியில் ஒருமுறை இன்னொரு மேசை தேவைப்பட்டது. பழையதைப் போலவே வேண்டும். தச்சர், அளவு கொடுங்கள் என்றார். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் அளக்க இறங்கினார்கள். விரலால், கையால், காலால் எல்லாம் அளந்து பார்த்தார்கள். அப்புறம் காகிதத்தில் ஆளுக்கொரு அளவுகோல் செய்தார்கள், ஒருத்தருடையது இன்னொருத்தருடையதோடு ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஒரு பையனின் ஷூவால் அளப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கும் பிறகுதான் மீட்டர் அளவுகோலுக்கு வந்தார்கள். இத்தனை நாளும் ஆசிரியர்கள் கூடவே இருந்தார்கள். பிள்ளைகள் பேசியதை எழுதினார்கள், படம் எடுத்தார்கள், அடுத்து என்ன கேட்கலாம் என்று தங்களுக்குள் பேசினார்கள். மீட்டர் அளவுகோல் ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? முதல் நாளே எடுத்துக் கொடுத்திருந்தால் பத்து நிமிட வேலை. கொடுக்காமல் இருந்தார்கள். கூடவே இருந்துகொண்டு, கைக்கு எட்டுகிற பதிலைக் கொடுக்காமல் இருப்பதைப் போலச் சிரமம் வேறு இல்லை. அதைப் போய் ‘விடுவது’ என்கிறீர்கள்!

சிரமம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அதில் தோற்றவள்.

என் மகளுக்கு அப்போது ஐந்தரை வயது. எங்கள் தெருவில் சாயங்காலம் பூக்காரம்மா வருவார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை சரத்தை இழுத்துப் பிடித்து, கொசுறாக நாலு விரல்கடை விட்டு அறுத்துக் கொடுப்பார். சின்ன உடம்பு அவருக்கு, கையும் குட்டை. ஒருநாள் இவள் என் புடவையை இழுத்து, “அம்மா, நாளைக்கு அத்தையைக் கூட்டிட்டு வந்து அளக்கச் சொல்லலாம். அத்தை கைதான் நீளம்” என்றாள். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் எல்லாவற்றுக்கும் முழம்தான். கட்டில் எத்தனை முழம், திண்ணை எத்தனை முழம். சனிக்கிழமை தாத்தாவின் வேட்டியைத் தரையில் விரித்துப் போட்டு, முழங்கையை ஊன்றி ஊன்றி ஊர்ந்துபோய் அளந்தாள். முழங்கையெல்லாம் சிவந்துபோனது. எழுந்து வந்து, “தாத்தா, உங்களை ஏமாத்திட்டாங்க. இது எட்டு முழ வேட்டி இல்ல, பதிமூணு” என்றாள்.

அவள் எங்கே வந்து நிற்கிறாள் பாருங்கள். யார் கை முழம் என்ற கேள்வியின் வாசலில். இன்னும் ஒரு அடி. ‘தாத்தாவையே அளக்கச் சொல்லேன்’ என்று நான் சொல்லியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? தையல் மெஷின் டிராயரைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்து வந்தேன். “முழம்னா பதினெட்டு இஞ்ச். இதோ பார், எட்டு முழம் சரியா இருக்கு” என்றேன். அவள் டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “சரி” என்றாள். வேட்டியை மடித்து வைத்துவிட்டு வெளியே போனாள். அதற்கப்புறம் எதையும் அளக்கவில்லை. அந்த “சரி” இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நீங்கள் கொட்டியதும் அந்த மாதிரி ஒன்றைத்தான். கல் முழுகுகிறது, கொட்டாங்கச்சி மிதக்கிறது. கொட்டாங்கச்சிக்குள் கல்லை வைத்தால்? எத்தனை கல் வரை தாங்கும்? ஒரு நாள் முழுக்க ஒரு பிள்ளை ஒரே வேலையில் இருக்கிறான் என்றால் அவனுக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் அவன் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தால் அது காதில் விழுந்திருக்கும். இத்தனை பெரிய கடிதத்தில் அவன் பேசிய ஒரு சொல் இல்லையே, ச.! எனக்கு அதுதான் தாங்கவில்லை. உங்களைத் திட்டுவது மாதிரி என்னையும் சேர்த்தேதான் திட்டுகிறேன்.

பள்ளியை மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். நாளை போய் அவன் டீச்சரிடம், “இந்த வாரம் என் பையன் என்ன கேட்டான்?” என்று விசாரியுங்கள். அவர் நோட்டைப் புரட்டியோ நினைவிலிருந்தோ ஒன்றிரண்டு சொன்னால் அங்கேயே இருக்கட்டும். விழித்தால், எவ்வளவு மரப்பொம்மை அடுக்கி வைத்திருந்தாலும், தாராளமாக மாற்றுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வாளியில் மறுபடி தண்ணீர் பிடித்து வையுங்கள். அதே கல்லும் கொட்டாங்கச்சியும் இருக்கட்டும். கண்ணுள்ள கொட்டாங்கச்சி ஒன்றும், இல்லாதது ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உட்காருங்கள். அவன் என்ன சொன்னான் என்று அவன் வாயில் வந்தபடியே எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா