180,000 கிலோமீற்றர் ஓடிய ஓட்டோ கியர் காரை வாங்கலாமா?

திருகோணமலை உவர்மலையிலிருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது என்று எழுதிய தம்பிக்கு,

180,000 கிலோமீற்றர் ஓடிய ஓட்டோமற்றிக் கார் ஒன்று மலிவாக வந்திருக்கிறது. "கியர் ஒயில் வாழ்நாளுக்கும் மாற்றத் தேவையில்லை, இதுவரை கைவைத்ததே இல்லை" என்று விற்பவர் சொல்கிறார். அந்த கியர் பொக்ஸ் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும், எப்படிக் கவனிப்பது, ஊரில் அப்பா வைத்திருக்கும் ஜப்பான் காருக்கும் இதே கவனிப்புத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இங்கே பல வருடமாக கராஜ் வேலையில் இருக்கிறேன். விற்பவர் பெருமையாகச் சொல்லும் அந்த விஷயம்தான் எனக்குப் பயம் தருகிறது. நேரத்துக்கு ஒயில் மாற்றிய சாதாரண ஓட்டோ கியர் 300,000 கிலோமீற்றர் தாண்டியும் ஓடுவதுண்டு. கவனிக்காமல் விட்டது அதில் பாதியிலேயே படுத்துவிடலாம். நானென்றால் மீற்றரைப் பார்க்கமுதல் ஒயில் மாற்றிய பில்லைத்தான் கேட்பேன்.

ஊரில் நீங்கள் ஓட்டிப் பழகிய மனுவல் வானில் கியர் ஒயிலுக்குப் பெரிய வேலை இல்லை, பற்கள் தேயாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஓட்டோவில் அப்படி இல்லை. எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கும் டோர்க் கன்வேட்டருக்குள் இழுவையைக் கடத்துவது ஒயில், கிளச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பது ஒயில், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஒயில். சாதாரண ஓட்டத்தில் அது 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கும். 120ஐத் தாண்டிப் போகப்போக வேகமாகக் கெட்டுவிடும். கெட்ட ஒயிலில் தட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடு இன்னும் ஏறும். பிறகு பெட்டியைக் கழற்றித் திருத்த ஆயிரக்கணக்கில் டொலர் வேண்டும், பழைய காரென்றால் காரின் விலையே போய்விடும். புது ஒயில் பெரும்பாலும் நல்ல சிவப்பாக இருக்கும். கறுத்துக் கருகல் மணம் அடித்தால் உள்ளே தட்டுகள் எரிகின்றன.

"வாழ்நாள் ஒயில்" என்ற பேச்சை நம்பவேண்டாம். பிஎம்டபிள்யூ போன்ற கார்களுக்கு கியர் பொக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மன் நிறுவனமான இசட்எஃப், 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் ஒயிலை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர்களே அப்படிச் சொல்கிறார்கள். ரொறன்ரோ நெரிசலில் நின்று நின்று ஓடும் காருக்கு நான் 60,000இலேயே மாற்றிவிடச் சொல்வேன்.

மாற்றும்போது இரண்டு விஷயம். அடித்தட்டைத் திறந்து வடியவிட்டால் மூன்று நான்கு லீற்றர்தான் வரும், மிச்சம் கன்வேட்டருக்குள்ளேயே நிற்கும். அதனால் ஒருமுறை மாற்றி, சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடிவிட்டு மறுபடி மாற்றுவது நல்லது. பல வருடம் தொடாத பெட்டிக்கு மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவ நான் விடமாட்டேன். அடுத்தது, அந்தக் காருக்கு என்ன ஒயில் என்று கையேட்டில் எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஓட்டோ) வகைப் பெட்டிக்கு ஒயிலே வேறு. அதற்குள் ஓடுவது உருக்குப் பட்டி அல்லது சங்கிலி. சாதாரண ஓட்டோ ஒயிலை ஊற்றினால் பட்டி வழுக்கிப் பெட்டியே நாசமாகும்.

இனி ஊர்ப் பழக்கங்கள். பற்றரி இறங்கினால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது இதில் நடக்காது, ஜம்பர் வயர் வாங்கி டிக்கியில் போடுங்கள். கார் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. எஞ்சின் ஓடாவிட்டால் பெரும்பாலான பெட்டிகளில் ஒயில் பம்பும் ஓடாது. சக்கரம் மட்டும் உருள, உள்ளே எல்லாம் வறண்டு உரசும். தட்டையான லொறியில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இறக்கத்தில் எரிபொருள் மிச்சமென்று நியூட்ரலுக்கு (N) போடுவதும் வேண்டாம். கார் முழுதாக நின்ற பிறகே ஆரிலிருந்து (R, ரிவேர்ஸ்) டிக்கு (D, முன்னே ஓட்டும் நிலை) மாற்றுங்கள். சரிவில் நிறுத்தும்போது கால் பிரேக்கை விடமுதல் ஹான்ட் பிரேக்கைப் போடுங்கள், அதன்பிறகு பிக்கு (P, பார்க்) மாற்றுங்கள். இல்லாவிட்டால் காரின் பாரம் முழுவதும் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும்.

உங்களுக்கு இது முதல் பனிக்காலம், இதைக் கட்டாயம் கேளுங்கள். பனியில் சக்கரம் புதைந்தால் எல்லோரும் செய்வது டி, ஆர், டி, ஆர் என்று மாற்றி மாற்றி அக்ஸிலேற்றரை மிதிப்பது. சக்கரம் சும்மா சுற்றச் சுற்ற ஒயில் சில நிமிடத்திலேயே அளவுக்குமீறிச் சூடாகிவிடும். ஜனவரி மாதத்தில் எங்கள் கராஜுக்கு இழுத்து வரும் கார்களில் இந்தக் கதை வழக்கமானது. டிக்கியில் சின்ன மண்வெட்டியும் ஒரு பை மணலும் வைத்திருங்கள். இறங்கிச் சக்கரத்தைச் சுற்றித் தோண்டி, மணல் போட்டு, மெதுவாக எடுங்கள். மைனஸ் 20இல் ஒயில் தடித்துப் போயிருக்கும். ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம் விட்டு, முதல் சில கிலோமீற்றர் மிதிக்காமல் ஓட்டினால் போதும். அப்புறம், வீதியில் போடும் உப்பு ஒயில் குளிரும் குழாய்களை அரித்துவிடும். காலையில் காரை எடுத்தபின் வெள்ளைப் பனியில் ரோஸ் நிறப் பொட்டு ஒன்று தெரிந்தால் அன்றைக்கே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

அப்பாவின் காருக்கு எதிரி வெயில். 2020இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை இலங்கை 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது, விலையும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. இருக்கிற கார்தான் இன்னும் பல வருடம் ஓடவேண்டும். கந்தளாய், ஹபறணைப் பக்கம் நீட்டாக ஓடுவதால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது முன்னால் வாகனங்கள் நின்றால், அக்ஸிலேற்றரால் காரைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கை மிதித்து நிற்கச் சொல்லுங்கள். ரேடியேற்றரையும் பார்க்கச் சொல்லுங்கள், பல கார்களில் கியர் ஒயில் குளிர்வதும் அதற்குள்ளால்தான்.

சரி, உங்கள் காருக்கு வருவோம். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ணவேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறாரோ என்று யோசியுங்கள். குளிர்ந்த எஞ்சினில் பிரேக்கை மிதித்தபடி ஆருக்கும் டிக்கும் போடுங்கள். இரண்டு விநாடிக்குமேல் தாமதித்தாலோ தொம்மென்று இடித்தாலோ நல்லதில்லை. ஓடும்போது 60, 80 வேகத்தில் நடுக்கம் வருகிறதா, வேகம் கூடாமல் எஞ்சின் மட்டும் இரைகிறதா என்று கவனியுங்கள். ஒன்ராறியோவின் சேஃப்டி சான்றிதழ் கார் அன்றைக்கு வீதியில் பாதுகாப்பாக ஓடுமா என்பதற்குத்தான், அதை கியர் பொக்ஸுக்கான உத்தரவாதமாக எடுக்கவேண்டாம். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத கராஜில் ஏற்றிப் பார்க்கவேண்டும்.

எல்லாம் சரியென்றால் ஒயில் மாற்றும் செலவை விலையில் கழித்து வாங்கலாம். இப்போதே வழுக்குகிறதென்றால் புது ஒயிலால் அது குணமாகாது, விட்டுவிடுங்கள். வேறு கராஜில் காட்டச் சம்மதிக்காவிட்டாலும் விட்டுவிடுங்கள், ஸ்காபரோவில் அடுத்த கிழமையே இன்னொரு கார் வரும்.