அக்கரைப் பதில்கள்: கோபாலுக்கு இன்னும் வேலை இருக்கிறது

கேள்வி: அமெரிக்க அரசு அலுவலகங்களில் எல்லாமே அதிநவீனக் கணினிதான் என்கிறாள் அங்கே படிக்கும் என் அக்கா. உண்மையா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் அக்காவுக்கு அரசு அலுவலகத்தில் இன்னும் வேலை ஏதும் வரவில்லை என்று தெரிகிறது.

நான் 1998இல் நியூஜெர்சிக்கு வந்ததே ஒரு பழைய கணினி மொழியை நம்பித்தான். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்திருந்த நிரல்கள், 2000 பிறந்ததும் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்த நேரம். கோபால் (COBOL) தெரிந்தவர்களுக்குக் கூப்பிட்டு விசா கொடுத்தார்கள். “கோபாலை நம்பித்தான் அமெரிக்கா போகிறேன்” என்று நான் தொலைபேசியில் யாரிடமோ சொன்னதைக் கேட்டுவிட்டு, மாயவரத்தில் என் பாட்டி இரண்டு வேளை சாப்பிடவில்லை. அது ஆள் இல்லை, 1959இல் உருவாக்கத் தொடங்கிய கணினி மொழி என்று அப்பா விளக்கிய பிறகும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

அந்தக் கிழட்டுக் கோபால் 2020 ஏப்ரலில் செய்தியில் அடிபட்டார். கொரோனா முடக்கத்தில் வேலையிழந்து, எங்கள் மாநிலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார்கள். அதைத் தாங்க வேண்டிய, கோபால் நிரல்கள் ஓடும் அரசு மெயின்பிரேமுக்கு (பெரிய மையக் கணினி) வயது நாற்பதுக்கு மேல். கோபால் தெரிந்தவர்கள் தன்னார்வலர்களாக உதவிக்கு வர வேண்டும் என்று கவர்னர் பில் மர்பி பத்திரிகையாளர் சந்திப்பிலேயே கேட்டுக்கொண்டார். தன்னார்வலர் என்றால் சம்பளம் இல்லை என்று பொருள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எரிச்சல். ஊரெல்லாம் மொழியைத் திட்டியது. கூட்டல் கழித்தலில் கோபாலை இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. பழைய நிரலைப் பராமரிக்க வருடாவருடம் காசு ஒதுக்காமல் விட்டவர்கள் மீதுதான் என் கோபம். புதுக் கட்டடம் என்றால் ரிப்பன் வெட்டலாம். நிரலைச் சீர்செய்தால் படம் எடுக்க யார் வரப்போகிறார்கள்?

போன மாதம்கூட என் மருத்துவரின் அலுவலகத்தில் பழைய அறிக்கையை ஃபேக்ஸில் அனுப்பச் சொன்னார்கள். அக்காவிடம் இதையும் சொல்லுங்கள்.

கேள்வி: காலையில் வேலைக்குப் போனவரை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிடலாமாமே? தொழிலாளர் சட்டமே கிடையாதா?
– வங்கி ஊழியர், விருதுநகர்

பதில்: சட்டம் இருக்கிறது. இனம், மதம், பாலினம் பார்த்து நீக்கக் கூடாது என்று 1964ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் காரணமே சொல்லாமல் நீக்கலாம்! மான்டானா தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் இதுதான் பொது விதி. மான்டானாவில் மட்டும் 1987 முதல், தகுதிகாண் காலம் முடிந்தவரை நீக்கத் தக்க காரணம் வேண்டும். அங்கே குளிர் அதிகம் என்பதால் நாங்கள் யாரும் குடிபோகவில்லை.

நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கூட்டமாக ஆட்குறைப்புச் செய்தால் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. நான் இருந்த நிறுவனம் சிறியது. 2009 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, பத்தரை மணிக்குக் கூப்பிட்டார்கள். பதினொன்றுக்கு என் அடையாள அட்டை கதவைத் திறக்கவில்லை. அட்டைப்பெட்டியில் ஒரு காபிக் கோப்பை, ஒரு பிள்ளையார், குளிருக்குப் போடும் சால்வை. அவ்வளவுதான் பதினோரு வருடம்.

எனக்காவது பச்சை அட்டை, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, இருந்தது. பக்கத்து மேசைத் தம்பி, வேலையை நம்பியே தங்க விடும் எச்-1பி விசாவில் இருந்தார். வேலை போனால் இன்னொன்று தேட இப்போது கொடுக்கும் 60 நாள் அவகாசம் 2017இல்தான் விதியில் ஏறியது. அன்று அதுவும் இல்லை. காரை வந்த விலைக்கு விற்றார், மகளின் பள்ளியில் சொல்லிவிட்டு வந்தார், மூன்றாம் வாரம் சென்னைக்கு விமானம் ஏறினார். அந்தப் பெண் குழந்தையின் மிதிவண்டி இன்னும் என் கார் கொட்டகையில் இருக்கிறது. வேலை போனால் மருத்துவக் காப்பீடும் சேர்ந்து போகிறது பாருங்கள், எனக்கு இந்த நாட்டோடு உள்ள பெரிய சண்டை அதுதான். வேலையில்லாதவனுக்குக் காய்ச்சல் வராதா?

கேள்வி: நம் ஊரில் நானாவதி வழக்கோடு (கடற்படை அதிகாரி மீதான 1959 பம்பாய்க் கொலை வழக்கு), சாதாரணக் குடிமக்கள் தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையின் மதிப்பே போய்விட்டது. அங்கே நீங்கள் ஜூரியாக இருந்ததுண்டா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: குடியுரிமை வாங்கிய மறு வருடமே அழைப்பாணை வந்துவிட்டது. நாளுக்கு ஐந்து டாலர் படி. மத்தியானச் சாப்பாடு அதைவிட அதிகம். கார் மோதியதில் கழுத்துவலி என்று நஷ்டஈடு கேட்ட வழக்கு. எங்கள் மாநிலத்தில் சிவில் வழக்குக்கு ஆறு ஜூரிகள், அதில் ஐந்து பேர் ஒத்துப்போனால் தீர்ப்பு. ஒரு குழாய்ப் பழுதுபார்ப்பவர், ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர், சுருக்கெழுத்து தெரிந்த ஒரு பாட்டி, நான், இன்னும் இருவர். வக்கீல்களின் நாடகத்தில் நான் மயங்கியிருந்தபோது, பேருந்து ஓட்டுநர்தான் புகைப்படத்தில் பம்பர் நசுங்கவே இல்லை என்பதைக் கவனித்தார். அன்றிலிருந்து ஜூரி முறையை யாராவது கேலி செய்தால் நான் சண்டைக்குப் போகிறேன்.

கேள்வி: அரசாங்கத்தையே இழுத்து மூடுகிறார்களாமே?
– மளிகைக் கடைக்காரர், ஆரணி

பதில்: நிதி மசோதா நிறைவேறாததால் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் மூடினார்கள். விமானக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சம்பளம் வராமல் வேலை பார்த்தார்கள். அந்த மசோதாவில் சண்டை போட்ட காங்கிரஸ் (இங்கத்திய நாடாளுமன்றம்) உறுப்பினர்களுக்குச் சம்பளம் நிற்காது. உங்கள் கடையில் இப்படி நடத்திப் பாருங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உங்கள் கோபாலைக் கொன்றுவிடுமா?
– மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: நான் எழுதிய பழைய நிரல் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். என்னைவிட அழகாக விளக்கியது. ஒரு வரி மட்டும் தேவையற்றது, நீக்கிவிடலாம் என்றது. அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது என்பது எனக்கும், புளோரிடாவில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் என் பழைய மேலாளருக்கும்தான் தெரியும்.

கேள்வி: அங்கே பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ள வேண்டுமாமே, கஷ்டமாக இல்லையா?
– இல்லத்தரசி, நாமக்கல்

பதில்: எங்கள் மாநிலத்தில் நாமே போட்டால்தான் குற்றம், 1949ஆம் ஆண்டுச் சட்டம். ஓரிகன் மாநிலம் 2023இல் விட்டுக்கொடுத்தபின் நாங்கள் மட்டும்தான் பாக்கி. இத்தனை வருடத்தில் நான் அந்தக் குழாயைப் பிடித்ததே இல்லை. பென்சில்வேனியாவுக்குப் போவதென்றால் டெலவேர் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே டாங்கை நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவேன்.