சான்று கேட்பதும் நம்பிக்கையா?

கேள்வி: கடவுள் இல்லை என்பதும் ஒரு நம்பிக்கைதானே? அதை நிரூபிக்க முடியுமா? (வாசகி, கோண்டாவில்)

பதில்: நிரூபிக்க முடியாதுதான், தங்கச்சி. ஆனால் சான்று தரவேண்டியவர் 'உண்டு' என்பவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த கடவுள் மறுப்பாளர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் இறக்கும்வரை ஒருவரும் அதை வெல்லவில்லை. காட்டியிருந்தால் பணத்தை எண்ணிக் கொடுத்திருக்க வேண்டும். தோற்கவும் இடம்விட்ட கருத்தை நம்பிக்கை என்று எப்படிச் சொல்ல?

என் பெரியப்பாவும் கடவுள் இல்லை என்பவர்தான், ஆனால் வேறு ரகம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயில் வீதிப் பக்கமே போகார். பெரியம்மா நீட்டும் மோதகத்தையும் தொடார். ஏன் என்று கேட்டால் கோபம்தான் வரும். அவருடையது நம்பிக்கைதான், சரி.