அண்ணனுக்குத் தனிக் கோப்பை வேண்டாம்: எச்.ஐ.வி பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

எச்.ஐ.வி உள்ளவர்களோடு பழகுவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து கேட்டிருந்தீர்கள். நீண்ட காலம் தாதியாக வேலை செய்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தங்கை: அண்ணனுக்கு எச்.ஐ.வி. அம்மா அவருக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் வைத்திருக்கிறா. எனக்கும் பயம்தான் அக்கா.

அம்மாவைக் கோபிக்காதீங்க தங்கச்சி. எச்சில், வியர்வை, நுளம்பு, மலசலகூடம் எதாலும் இது தொற்றாது. இரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் வழியாகத்தான் தொற்றும். சவர அலகும் பல்துலக்கியும் தனியாக இருக்கட்டும். அது எந்த வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போனேன். எல்லாருக்கும் கிளாசில் தேத்தண்ணி வந்தது. அந்த வீட்டு மகனின் கோப்பை மட்டும் பிடி உடைந்து கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது. அதைக் கழுவி, எனக்கு அதிலே ஊற்றச் சொன்னேன். "ஐயோ மிஸ், அது அவன்ட!" என்று தாய் பிடுங்க வந்தா. குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பினேன். நீங்களும் அண்ணனின் கோப்பையில் ஒருநாள் அம்மா பார்க்கக் குடியுங்க. என் பேச்சைவிட அது அவவுக்கு விளங்கும்.

கல்முனையிலிருந்து ஒரு தம்பி: எனக்கு எச்.ஐ.வி. கலியாணம் முடிக்கலாமா?

முடிக்கலாம் தம்பி, ஆனால் மறைத்து முடிக்க வேண்டாம். மருந்தை நாள் தவறாமல் எடுத்து, வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால் உடலுறவால் துணைக்குத் தொற்றாது. பிள்ளையும் பெறலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடென்று இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டது.

வாழைச்சேனையிலிருந்து: கிளினிக்கில் தெரிந்தவர்கள் கண்டுவிட்டால்?

ஊர் சின்னது, சொந்தம் பெரிது. உங்கள் பயம் நியாயம். அப்படியென்றால் வேறு மாவட்டத்து அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போங்க. பரிசோதனையும் மருந்தும் இலவசம். பயத்தில் மருந்தை மட்டும் விட்டுவிடாதீங்க.

அக்கரைப்பற்றிலிருந்து ஓர் ஆசிரியர்: எச்.ஐ.வி உள்ள ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க வேண்டாம் என்று மற்றப் பெற்றோர் நிற்கிறார்கள்.

2016இல் குளியாப்பிட்டியிலும் இப்படித்தான் நின்றார்கள், சேர். அங்கே அது வெறும் வதந்தி, அந்தப் பிள்ளைக்குத் தொற்றே இருக்கவில்லை. இருந்திருந்தாலும் சேர்க்கத்தான் வேண்டும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், எச்.ஐ.வியைக் காரணம் காட்டிக் கல்வியை மறுக்க முடியாதென்று முடிந்தது. பெற்றோர் கூட்டத்துக்கு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒருவரைக் கூப்பிடுங்க. பிள்ளையின் பெயர் அங்கே வாயில் வரவே கூடாது. பிள்ளையை முன் வாங்கில், மற்றப் பிள்ளைகளுக்கு நடுவில் இருத்துங்க.