ஆடிக்கு முன்னாடி எடுத்த தண்ணீர்

வணக்கம் சார்,

கொண்டலாம்பட்டிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர். திருமணிமுத்தாற்றில் சாயத் தண்ணீர் கலந்து கிணறு வரைக்கும் வந்துவிட்டது. பொதுநல வழக்கு போடலாமென்றால், "அதெல்லாம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய்விட்டது, ஹைகோர்ட் எடுக்காது" என்கிறார்கள். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள அந்தத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில்; அங்கே அலைய முடியுமா? சேலத்திலேயே ஒரு அமர்வு கேட்டால் என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

எடுக்காது என்பது தவறு. இதே சங்கதியை மத்தியப் பிரதேச வக்கீல்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. அரசியல் சாசனத்தின் 226, 227-ஆம் பிரிவுகள் உயர் நீதிமன்றத்துக்குத் தந்த அதிகாரத்தைத் தீர்ப்பாயச் சட்டம் பறிக்கவில்லை என்று 2022 மே மாதம் தீர்ப்பு வந்தது. "முதலில் அங்கே போய்ப் பாருங்கள்" என்று ஹைகோர்ட் திருப்பி அனுப்பலாம், அது வேறு. மாநிலத்துக்கு ஓர் அமர்வு கட்டாயமில்லை என்றும் அதே தீர்ப்பில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் சேலத்துக்கு எங்கே!

எனக்கென்னவோ தூரம் பெரிய தடையாகத் தெரியவில்லை. ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னை. வீடியோவிலும் விசாரணை நடக்கிறது. வாதம் ஆங்கிலத்தில் நடப்பதுதான் நம் ஆட்களுக்கு அதைவிடத் தூரம்.

உண்மையான தடை தேதி. 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், வழக்குக்கான காரணம் 'முதலில்' எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னொரு 60 நாள். இழப்பீடு கேட்டால் மட்டும் 15-ஆம் பிரிவில் ஐந்து வருடம்.

வக்கீல் நண்பர் ஒருவரின் அறையில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பெரியவர் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்தார். அடியில் ஊதா நிறத்தில் வண்டல். நண்பர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "எப்போ எடுத்ததுங்க ஐயா?" என்றார்.

"ஆடிக்கு முன்னாடி."

"எந்த வருஷ ஆடி?"

பெரியவர் மகனைப் பார்த்தார், மகன் பாட்டிலைப் பார்த்தான். பதினெட்டாம் பெருக்கன்று ஆற்றங்கரைக்குப் போன பெண்கள் கால் நனைக்காமல் திரும்பிய வருஷம் என்பது அவர்களுக்குத் துல்லியமான கணக்கு. மனுவில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? நாமே பிடித்த தண்ணீரை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தள்ளிவிடும் என்பது இன்னொரு தொல்லை. அதனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இன்றே ஒரு புகார் எழுதி, மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று. வீட்டில் தினத்தாள் காலண்டர் இருக்குமல்லவா? கிழித்த தாளின் பின்பக்கம் அன்றைக்குத் தண்ணீர் என்ன நிறம், என்ன வாடை என்று எழுதி, ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். மளிகைக் கடையில் பில் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி.